பயணமா, நாடகமா? முடிவெடுக்க உதவுவது எப்படி

“உன் சித்தி மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அவன் வகுப்பு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்குச் செல்லும் அதே நாளில், தமிழ்மொழி விழாவுக்கான நாடகத்தில் அவன் நடிக்க வேண்டும். என்ன செய்வது என்று உன்னிடம் கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுது.”

இந்தக் கேள்வியை உயர்நிலை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். பெரும்பாலான பதில்கள் ஒரே மாதிரி இருந்தன: “நாடகத்திற்கே போ. அதுதான் நல்லது. பெற்றோர் மகிழ்வார்கள்.” எழுத்துப்பிழை அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பையனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நேராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை ஒன்றில் படித்த மாணவி ஒருத்தி இதே சிக்கலோடு வந்தாள். “உனக்குத்தானே முக்கியப் பாத்திரம்? நீ இல்லாம எப்படிம்மா?” என்றேன். தலையாட்டினாள். நன்றாக நடித்தாள், கைதட்டலும் வாங்கினாள். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில், “அந்த டிரிப்புக்குப் போயிருந்தா கிளாஸ்ல யாராச்சும் ஃபிரண்டாகியிருப்பாங்க டீச்சர்” என்றாள். அவளுடைய தொடக்கப்பள்ளித் தோழிகள் யாரும் எங்கள் பள்ளியில் சேரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. எது ஆசை, எது பயம்? பயணத்திற்குப் போக வேண்டும் என்று பிள்ளை சொல்வதற்கு மேடைக் கூச்சம் காரணமாக இருக்கலாம். நாடகம்தான் வேண்டும் என்பது ஆசிரியர் கோபப்படுவார் என்ற பயமாகவும் இருக்கலாம். பயத்தைப் போக்கிவிட்டால் சில நேரம் முடிவே மாறிவிடும்.

2. யாருக்கு வாக்குக் கொடுத்தாய்? நாடகத்தில் ஒருவர் விலகினால் உடன் நடிப்பவர்கள் எல்லாரும் பாதிக்கப்படுவார்கள். பயணத்திலும் குழு வேலை இருக்கலாம். தன் இடத்தை இன்னொருவர் ஏற்க இன்னும் நாள் இருக்கிறதா என்று பிள்ளை யோசிக்க வேண்டும்.

3. எது திரும்பக் கிடைக்கும்? சுங்கை பூலோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். குடும்பத்தோடு இன்னொரு நாள் போக முடியும். ஆனால் வகுப்பு நண்பர்களோடு பேருந்தில் போகும் அந்த நாள் திரும்ப வராது. நாடகமும் அப்படித்தான். தமிழ்மொழி விழா ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் வரும். அதே குழு, அதே பாத்திரம் அமையும் என்று சொல்ல முடியாது.

4. வேறு வழி உண்டா? நாடகம் மாலையில்தான் என்றால், பயணம் முடிந்து நேரத்தோடு திரும்ப முடியுமா? இதை ஆசிரியரிடம் கேட்கலாம். முடியாது என்று தெரிந்தால், ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இழுத்துக்கொண்டிருக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில்

உரையாடலில் பேச்சுத் தமிழ் இயல்பாக வரட்டும். வகுப்பில் இருவர் இருவராக இப்படிப் பேசிப் பழகலாம்:

“அக்கா, எனக்கு ரெண்டுமே வேணும்.”

“சரிப்பா. நாடகத்த விட்டுட்டா உனக்கு எது கஷ்டமா இருக்கும்?”

“கூட நடிக்கிறவங்க என்மேல கோவிச்சுக்குவாங்க.”

“பயணத்த விட்டா?”

“மறுநாள் எல்லாரும் அதப்பத்தியே பேசுவாங்க. நான் மட்டும் சும்மா உக்காந்திருக்கணும்.”

கவனியுங்கள். இந்தப் பையன் பறவைகளைப் பற்றியும் பேசவில்லை, கைதட்டலைப் பற்றியும் பேசவில்லை. இரண்டு பக்கமும் அவனை இழுப்பது நட்புதான். இரண்டு கேள்விகளில் இது வெளியே வந்துவிட்டது.

மின்னஞ்சலில்

அதே கருத்தை எழுத்துத் தமிழில் இப்படி எழுதலாம்:

“நீ இருதலைக்கொள்ளி எறும்பு போலத் தவிப்பது எனக்குப் புரிகிறது. உன் பாத்திரத்தை வேறொருவர் ஏற்க முடியுமா என்று முதலில் ஆசிரியரிடம் கேட்டுப் பார். முடியாது என்றால், உன்னை நம்பி ஒத்திகை பார்த்தவர்களைக் கைவிடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பயணத்தைத் தவறவிட்டால் உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். மறுநாள் நண்பர்களிடம் படங்களைக் காட்டச் சொல்லிக் கேள். அவர்களும் ஆவலோடு காட்டுவார்கள். ஆனால் முடிவு உன்னுடையது. எதுவாக இருந்தாலும் உரியவர்களிடம் இன்றே சொல்லிவிடு.”

இதில் கருத்தும் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. பிள்ளையின் வருத்தத்தை மறைக்கவில்லை. முடிவையும் அவனிடமே விட்டிருக்கிறது. பயணமே மேல் என்று எழுதினாலும் தவறில்லை. இதே முறையில் காரணம் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

நம்மில் பலர் நாடகத்தைப் பயிற்றுவிப்பவர்கள். ஆகவே, “போகட்டுமா?” என்று பிள்ளை கேட்கும்போது நம் பதில் எப்போதும் நடுநிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வகுப்பாசிரியரையோ பெற்றோரையோ பிள்ளையிடம் பேசச் சொல்லலாம். முன்கூட்டியே ஒரு மாற்று நடிகரைத் தயார் செய்து வைப்பதும் உதவும். “முடியாது” என்று சொல்ல வழி இருக்கும்போதுதான், பிள்ளை சொல்லும் “சரி” உண்மையான சரியாக இருக்கும்.