சொத்தையைப் பார்த்தவர் அடைக்கக் கூடாதா?

அமெரிக்காவில் பல் ஆசுபத்திரிக்குப் போனால், "பல் சுகாதாரப் பணியாளர்" என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பெண். பல்லில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவர் வேலை. சொத்தை இருந்தால் பல தடவை அவர் கண்ணில்தான் முதலில் படும்.

ஆனால் அதைக் குடைந்து எடுக்க அவருக்கு அனுமதி கிடையாது. அது பல் டாக்டரின் வேலை!

டாக்டர் இல்லாத ஊரில் ஏழைக் குழந்தை என்ன செய்யும்? வலியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

புதிய தொழில்

இந்தக் குறையைப் போக்க வந்தவர் "பல் சிகிச்சையாளர்". சொத்தையைக் குடைவார், அடைப்பார், பால்பல்லைப் பிடுங்குவார். டாக்டரைவிடக் குறைந்த காலம் படித்தால் போதும்.

நியூசிலாந்தில் 1921-ம் ஆண்டிலேயே பள்ளிக் குழந்தைகளுக்காகப் பெண்களுக்கு இந்தப் பயிற்சி தரப்பட்டது. 2003-ல் அலாஸ்காவின் பழங்குடி மக்கள் தங்கள் இளைஞர்களை அங்கே படிக்க அனுப்பினார்கள். 2009-ல் மினசோட்டா மாநிலம் சட்டமே செய்தது. ஏழை எளியவர்கள் வரும் இடங்களில்தான் சிகிச்சையாளர்கள் முக்கியமாக வேலை செய்ய வேண்டும் என்று அதில் கூறப்பட்டது.

பல் டாக்டர்களின் சங்கம் இந்த முறையை எதிர்த்தது. சுகாதாரப் பணியாளர்கள் என்ன நினைத்தார்கள்?

ஏணியா? போட்டியா?

"நாம் மேலே ஏற ஒரு ஏணி கிடைத்தது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. "பல ஆண்டுகள் பழகிய நம்மை விட்டுவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவருவதா?" என்று வருந்தியவர்களும் உண்டு.

புதிய தொழில் வேண்டாம் என்று அவர்களின் சங்கம் சொல்லவில்லை. "எங்கள் படிப்பின் மேல் அதைக் கட்டுங்கள்" என்றுதான் கேட்டது.

மினசோட்டாவில் இரண்டு வழிகளும் திறந்தன. ஒரு பல்கலைக்கழகம் புதியவர்களைச் சேர்த்தது. மற்றொன்று சுகாதாரப் பணியாளர்களுக்கே இடம் கொடுத்தது. 2014-ல் மெயின் மாநிலம், சுகாதாரப் பணியாளர்களே சிகிச்சையாளர் ஆகலாம் என்று சட்டம் செய்தது.

அன்று அவர்களும் புதியவர்கள்

1906-ல் பிரிட்ஜ்போர்ட் நகரில் டாக்டர் ஆல்பிரட் போன்ஸ், தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் அதற்கென்று பள்ளியும் தொடங்கினார். சுகாதாரப் பணியாளர் தொழில் பிறந்தது அப்படித்தான்.

அன்று புதியவர்களாக வந்தவர்களின் வாரிசுகள், இன்று புதியவர்களைப் பார்த்து யோசிக்கிறார்கள்.

சிகிச்சை செய்பவர் எந்த வழியில் படித்து வந்தார் என்பது பல்வலியால் அழும் குழந்தைக்குத் தெரியாது. நன்றாகப் படித்த ஒருவர் அதன் ஊருக்கே வரவேண்டும். அவ்வளவுதான்!