உஷார்! ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதம் உங்களைக் காக்காது

'இனிமேல் அடிக்க மாட்டேன், தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று மகளிர் காவல் நிலையத்தில் கணவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பி வீடு திரும்பப் போகிறீர்களா? நில்லுங்கள்!

இன்ஸ்பெக்டர் எதிரில் கையெழுத்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் சாட்சி, கையில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது. பார்க்கப் பலமாகத்தான் தெரியும். ஆனால் அது நீதிமன்ற உத்தரவு அல்ல. அன்று ராத்திரியே அவர் மீறினாலும், 'எழுதிக் கொடுத்ததை மீறினார்' என்பதற்காகத் தனியாக ஒரு தண்டனையும் கிடையாது. புதிதாக வாங்கிய அடிக்குப் புதிதாகத்தான் புகார் எழுத வேண்டும். மறுபடி அதே பெஞ்சு, அதே "குடும்பம்னா நாலும் இருக்கும்மா, அனுசரிச்சுப் போ".

மீறினாலே கைது என்ற பலம், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவுக்குத்தான் உண்டு. அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வர முடியாது. மனைவிக்கு மட்டுமல்ல, மகன் அடிக்கிற தாய்க்கும், அண்ணன் விரட்டுகிற தங்கைக்கும், திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒரே வீட்டில் வாழ்ந்த உறவே இல்லாத ஒருவன் பின்தொடர்ந்து வந்தால் வழி வேறு: பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் போலீசில் புகார்.

சரி, பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டாயிற்று. இனிதான் அதிக உஷார் தேவை. மனு என்பது உத்தரவு அல்ல. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயற்சி என்று சட்டம் சொல்கிறது. நம் ஊர் வாய்தாக்களைப் பார்த்தவர்கள் அந்த 60-ஐ நம்ப மாட்டார்கள். இதற்கு நடுவில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். "என் மேலேயே கோர்ட்டுக்குப் போயிட்டாளா" என்று ஆத்திரம் உச்சிக்கு ஏறுவது அந்த நேரத்தில்தான். அதனால் முதல் நாளே, பிரமாணப் பத்திரத்தோடு 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். அவசரம் புரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே மாஜிஸ்திரேட் அதைத் தரலாம். "அதெல்லாம் அடுத்த வாய்தாவில் பார்த்துக்கலாம்" என்று வக்கீல் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. மனுவின் நகல் அவர் கைக்குப் போகும். அதில் இப்போது நீங்கள் ஒளிந்திருக்கும் சித்தி வீட்டு முகவரி இருந்தால்? எந்த முகவரியைக் கொடுப்பது என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஆபத்தைக் கணித்து உங்களோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் தயாரிப்பது, விதிகளின்படி அவருடைய கடமை. அதற்கென்றே படிவம் 5 இருக்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டால், காப்பகமும் நீங்கள் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 'அடிக்கக் கூடாது' என்று மட்டும் உத்தரவு வாங்கி வந்தால், அவர் தினமும் உங்கள் ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அடித்தாரா? இல்லை. போலீசும் கையை விரிக்கும். எனவே வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்குப் போகக் கூடாது, போன், வாட்ஸ்அப், தெரிந்தவர்கள் மூலம் தூது என எந்த வழியிலும் தொடர்பு கூடாது, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது, உங்களுக்கு உதவுகிற அம்மா, தம்பியை மிரட்டக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். 18-ஆம் பிரிவு இவ்வளவுக்கும் இடம் தருகிறது. "வீடு எங்கம்மா பேரில் இருக்கு, வெளியே போ" என்ற மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டாம். மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடும் மருமகள் வாழ்ந்த பகிர்வு இல்லமாக, அதாவது அவர் வசிக்க உரிமை கோரக்கூடிய வீடாக, ஆகலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காசில்லை என்று தயங்குகிறீர்களா? பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், போனில் 15100. அவசர உதவிக்கு 181, போலீசுக்கு 112.

உத்தரவு கைக்கு வந்த பிறகு, "குழந்தையைப் பார்க்கணும், ஒரே ஒரு தடவை பேசணும்" என்று போன் வரும். எடுக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அந்த அழைப்புகள் வந்த போனையே பத்திரமாக வையுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் மிரட்டினாலும் மனம் தளராதீர்கள்: உத்தரவை மீறிய குற்றத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்கிறது 32-ஆம் பிரிவு.

உத்தரவின் நகல் உங்களுக்கும், உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கும் இலவசம். அனுப்பிவிட்டார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு நீங்கள் குடிபோனது அங்குள்ள ஸ்டேஷனுக்கு எப்படித் தெரியும்? சாமான் இறக்கிய கையோடு ஒரு நகலை அங்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்கிவிடுங்கள்.