லெவல் ஏறாத நாயகர்கள்

ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டை வைத்து ஒரு வீடியோ கேம் செய்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே புளி உலுக்கப் போகும் ஒரு பெண்தான் நாயகி. ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வழக்கமான ரோல் பிளேயிங் கேம் என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் அவளுக்குப் புள்ளி விழும். புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். இருபதாவது லெவலில் தனியாளாகப் பத்து மூட்டை தூக்குவாள். லெவலே இல்லாத ஆட்டத்தில் கடைசிவரை அவள் தோளுக்கு ஒரு மூட்டைதான். ஆனால், எந்தத் தடத்தில் இறங்கினால் திருப்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்கலாம், எந்த வியாபாரி எடையில் கைவைப்பான் என்பதெல்லாம் அதற்குள் ஆடுகிறவருக்குப் பழகியிருக்கும். வளர்ந்தது நாயகி அல்ல, நீங்கள்.

லெவல் என்ற ஏற்பாடு கணினியில் பிறந்ததில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டத்திலிருந்து வந்தது. அனுபவத்துக்குப் புள்ளி, புள்ளிக்கு லெவல், லெவலுக்குக் கூடுதல் உயிர். கூட்டல் கழித்தல் என்பதால் கணினிக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. 1986-இல் ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' இதை வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தது. இதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. உங்கள் அடி பத்து மடங்கு பலமாகும்போது எதிரியின் உயிரும் ஏறக்குறைய அதே அளவு கூடியிருக்கும். எண்கள் ஓடும், சண்டை அதேதான். இன்றைய செல்போன் கேம்கள் பலவும் அந்த எண்ணைச் சீக்கிரம் ஏற்றித் தருவதாகச் சொல்லியே காசு பார்க்கின்றன.

லெவலுக்கு மாற்றும் பழையதே. 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விண்வெளி ஆட்டத்தில் பாத்திரத்தின் முன்கதையை, அவர் எந்தப் பணியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். திறமையெல்லாம் அங்கேயே வந்துவிடும். பகடை சரியில்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்தும் போகலாம்! பிழைத்து வந்தவர் பெரும்பாலும் அதே ஆளாகத்தான் கடைசிவரை இருப்பார்.

2015-இல் வந்த டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' என்ற கணினி ஆட்டம் இன்னும் குறும்பானது. லெவல் உண்டு, ஆனால் கொன்றால்தான் ஏறும். யாரையும் கொல்லாமல் பேசியும் சிரிக்கவைத்தும் கடந்துபோனால் முதல் லெவலிலேயே, இருபது உயிர்ப்புள்ளியோடு முடிவுவரை போகவேண்டும். அந்த வழியில் கிடைக்கும் முடிவுதான் அதிகம் மனதில் நிற்கிறது என்பேன்.

தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டொரோண்டோவிலிருந்து வந்தது. விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வில், 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தமிழ்த் தாயாக நாம் ஆடுகிறோம். கணவர் பாவலன், மகன் கவின். அவளுடைய அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டுக் கிடக்கிறது. விட்டுப்போன செய்முறையை நாமே ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். ஒன்று தப்பினால் மறுபடி செய்யலாம். வெண்பாவின் 'சமையல் திறன்' என்று எந்த எண்ணும் திரையில் இல்லை. ஆண்டுகள் ஓடுகின்றன, மகன் வீட்டைவிட்டு விலகுகிறான், பிறகு வளர்ந்த கவினாகவும் நாமே அடுப்படிக்கு வருகிறோம். கடையில் இதை ரோல் பிளேயிங் அலமாரியில் வைக்க மாட்டார்கள். ஆனால் இன்னொருவராக வாழ்ந்து பார்ப்பதுதான் அந்த வகையின் உயிர் என்றால், வாள் தூக்கிய பல வீரர்களைவிட இந்த அம்மா அதற்கு நெருக்கம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த ஆட்டம் 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது.

லெவல் இல்லாமல் ஆட்டம் எழுதுவது கடினம், மறுப்பதற்கில்லை. 'இன்னும் கொஞ்சம் ஆடலாம்' என்று இழுக்க எண்ணின் துணை கிடையாது. கதையும் புதிரும் மட்டுமே இழுக்க வேண்டும். ஆனால் செலவு குறைவு. 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளில் நிரல் தெரியாமலே, தமிழிலேயே, கிளை கிளையாகப் பிரியும் கதையை எழுதி வலைப்பக்கமாகச் சேமிக்கலாம். மலையிலிருந்து ஆட்டம் எழுத வரும் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்கலாம்.