மர ஊதல்: வாயில் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

மர ஊதலை மற்ற மரப் பொம்மைகளோடு சேர்த்து எண்ணக் கூடாது. உருட்டும் வண்டியைக் குழந்தை எப்போதாவதுதான் கடிக்கும். ஊதலோ வாயில் வைப்பதற்காகவே செய்யப்படுவது. அது எச்சிலில் ஊறும், பல் பட்டுப் பூச்சு உரியும். ஊதி முடித்து மூச்சை இழுக்கும்போது உள்ளே உருளும் குண்டு தொண்டைக்குப் பாயலாம். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் சிராங்கூன் சாலையிலோ பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளிலோ மரச் சாமான் வாங்குவோர், “பிளாஸ்டிக் இல்லை, மரம்தானே” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எதையும் கேட்காமல் வாங்கிப் போகிறார்கள். கேட்காததுதான் பெரும்பாலான தொல்லைக்குத் தொடக்கம்.

கடையில் இருந்தால் அரசாங்கம் சோதித்திருக்கும் என்பது முதல் தவறு. சிங்கப்பூரில் விற்பனைக்கு முன்பே சோதித்துப் பாதுகாப்பு முத்திரை பெற வேண்டியவை 33 வகை வீட்டு மின், எரிவாயுச் சாதனங்கள் மட்டுமே. பொம்மைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை 2011ஆம் ஆண்டின் பயனீட்டுப் பொருள் பாதுகாப்பு விதிமுறைகளுக்குள் வருகின்றன. ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவின் இஎன் 71 போன்ற தரங்களுக்குப் பொருள் பொருந்தியிருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு விற்பவருடையது. அரசு அலுவலகம் பெரும்பாலும் புகார் வந்த பிறகே தலையிடுகிறது. புகார் கொடுக்க ஆளில்லையென்றால் ஊதல் அலமாரியிலேயே இருக்கும்.

இரண்டாவது தவறு, ஊரிலிருந்து வந்த கைவினைப் பொருள் என்றால் ஆபத்தில்லை என்று நம்புவது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துக் கைவினைஞர் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே வண்ணம் ஏற்றுவார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மஞ்சள் கடம்பில் கடைந்தது. இரண்டும் நல்ல மரங்கள். ஆனால் அதே வடிவத்தில் மலிவான இரசாயன வண்ணம் பூசிய சரக்கும் வருகிறது; கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. கைவினைஞரின் பிழைப்பைக் காக்க அது தேவையான விலக்குதான். அதன் விளைவு, சோதனைச் சீட்டு இல்லாத ஊதல் கடல் கடந்து வருகிறது. என்ன பூச்சு என்று கேட்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

செய்பவருக்கு மரத் தேர்வே முதல் பாதுகாப்பு. இறுகிய இழையும், மணமும் நச்சுப் பாலும் இல்லாத தன்மையும் வேண்டும். வெட்பாலை, மேப்பிள், பீச் ஆகியவை ஏற்றவை. மூங்கிலும் ஏற்றதே, சிம்பு எழாமல் தேய்த்திருந்தால். அரளி, தங்க அரளி, சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் நிழலுக்கு நட்ட போங் போங் எனும் காட்டரளி ஆகிய மூன்றும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. சதுப்பு நிலத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். உதிர்ந்த கிளை அழகாக இருக்கிறது என்று பெயர் தெரியாத மரத்தைச் செதுக்கவே கூடாது. பூங்கா மரத்தில் கிளை ஒடிப்பது, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாவிட்டால், குற்றமும்கூட.

கடைகளின் பின்புறம் கிடக்கும் சரக்குப் பலகைகள் இலவசம் என்பதால் பலர் எடுக்கிறார்கள். அவற்றில் கோதுமைக் கதிர்ச் சின்னத்துக்குப் பக்கத்தில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எச்டி’ என்றால் சூட்டில் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. பின்னதைத் தொடவே வேண்டாம். முன்னதிலும் எந்தச் சரக்கு கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஊதலுக்கு அதுவும் ஆகாது. பச்சை சாயல் கொண்ட பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். ஒட்டுப்பலகையின் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு.

பூச்சே இல்லாமல் விடுவது நல்லது. பூசித்தான் ஆக வேண்டுமென்றால் தூய அரக்கு, தேன்மெழுகு, உணவுத்தர மினரல் எண்ணெய் போதும். கடையில் ‘கொதித்த’ ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் உலர வைக்கும் உலோக உப்புகள் கலந்திருக்கும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. வண்ணம் வேண்டுமென்றால் வாய் படாத பகுதியில் மட்டும், பொம்மைத் தரச் சான்றுள்ளதாக. ஐஎஸ்ஓ தரம், பூச்சிலிருந்து கரையும் ஈயத்துக்கு வைத்துள்ள எல்லை கிலோவுக்கு 90 மில்லிகிராம்.

சிறு குழந்தைக்கான ஊதலில் உள்குண்டு வேண்டாம். சோதனைக் கூடங்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளையைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. குண்டு இல்லாமலும் ஊதல் ஒலிக்கும். திரும்பவும்: சிறு குழந்தைக்கு உள்குண்டு வேண்டாம்.

ஊதலின் துண்டை விழுங்கிப் புரையேறி மூச்சு நின்றால் 995 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இருமி அடங்கி, பிறகு ஒரு பக்கம் மட்டும் சீழ்க்கை போல மூச்சு ஒலித்தாலும் அன்றே புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். மரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் வீடு திரும்பாமல், மரத்துண்டு உள்ளே போனதாக மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடைந்த ஊதலையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

பாதுகாப்பற்ற பொருளைப் பற்றிய புகார் சிங்கப்பூரின் பயனீட்டுப் பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். விற்பனையை நிறுத்தும்படி அது உத்தரவிட்டும் கேட்காதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பண்டிகைச் சந்தை வாசலில் ஒட்டுவது அதிகாரிகளுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை, செய்ய வேண்டும்.

பணத்தைத் திரும்பப் பெறுவது தனி வழி. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற அட்டை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். மனு இணையவழி, 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளி, கெடு இரண்டு ஆண்டு. மனுவில் கடையின் பெயர்ப்பலகைப் பெயர் போதாது, பதிவு எண் வேண்டும். அது பெரும்பாலும் ரசீதில் இருக்கும். பண்டிகை முடிந்ததும் கடையே இருக்காது. ஆகவே ரசீது வாங்காமல் நகரக் கூடாது, வாங்கிய உடனே படம் பிடித்து வைக்க வேண்டும். உடற்காயத்துக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு வழக்கறிஞரை நாடுவது நல்லது. வழக்குத் தொடரக் கெடு பொதுவாக மூன்று ஆண்டு. அதுவரை ஊதலைக் கழுவாமல், ஒட்டாமல், உரிந்த பூச்சுத் துகளோடு உறையிலிட்டுத் தேதி எழுதி, மருத்துவமனைச் சீட்டுகளோடு வைத்திருக்க வேண்டும்.