வெறுப்புக் குற்றச்சாட்டும் வளாகப் பேச்சுரிமையும்

யூதர்களாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக மக்களை இழிவுபடுத்துவதும் அச்சுறுத்துவதும் யூத வெறுப்பு எனப்படும். இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிப்பது அதில் சேராது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், யூத மாணவர்களை மிரட்டிய செயல்களும் அமைதியான போராட்டங்களும் ஒரே குற்றச்சாட்டுக்குள் அடைக்கப்பட்டபோது இந்த வேறுபாடு மங்கிப்போயிற்று. 2024 ஏப்ரலில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய போராட்டத்தின்போது கைதான இருவரில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த மாணவி.

இதை ஒத்த நிகழ்வு ஒன்று 2015இல் சென்னை ஐஐடியில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், மத்திய அரசின் கொள்கைகளையும் சாதி அமைப்பையும் விமர்சித்துத் துண்டறிக்கை வெளியிட்டது. அது பிரதமர் மீதும் இந்துக்கள் மீதும் வெறுப்பைப் பரப்புகிறது என்று மொட்டைக் கடிதம் ஒன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போக, அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க, மே மாத இறுதிக்குள் வட்டத்தின் அங்கீகாரம் பறிபோயிற்று. விதிமீறலே காரணம் என்றது நிர்வாகம். தங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றனர் மாணவர்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பதவியில் இருப்பவரையும் ஒரு சமயத்தின் மக்களையும் ஒன்றாக்கிக் காட்டியதே அந்தக் கடிதத்தின் பெரும் பிழை.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவு, பொது ஒழுங்கு, அவதூறு உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம் தொடர்பான 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே வெடிமருந்தில் விழும் தீப்பொறிக்கு உள்ளதைப் போன்ற நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு கருத்தை விவாதிப்பதும் அதற்காக வாதாடுவதும் உரிமை, தூண்டிவிடும்போதே தடை பொருந்தும் என்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அது தீர்ப்பளித்தது, ஐஐடி நடவடிக்கைக்கு இரண்டே மாதங்களுக்கு முன்புதான்.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பொன்னேரி, திருத்தணி அரசுக் கல்லூரிகள் அரசின் அங்கங்கள் என்பதால் இந்த வரம்புகள் அவற்றை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. கவரைப்பேட்டையைச் சுற்றியுள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளிலோ, நடைமுறையில், சேர்க்கையின்போது கையெழுத்திட்ட ஒழுங்கு விதிகளே மாணவரின் எல்லையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அங்கு பாதுகாப்பு இன்னும் மெலிது. காசாவைப் பற்றியோ கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைக் கழிவைப் பற்றியோ துண்டறிக்கை கொடுக்கும் மாணவர் மீது புகார் வந்தால், எந்த வாக்கியம் எந்த மக்களைத் தாக்குகிறது என்று எழுத்தில் தெரிவித்து, அவருடைய பதிலைக் கேட்ட பிறகே எந்த நிர்வாகமும் தண்டனையைப் பற்றி யோசிக்க வேண்டும்.