பாட்டிலில் பயம், டியூபில் மறதி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தணலில் தூவுகிற சாம்பிராணி ஒரு மரத்துப் பிசின். சுமத்ரா, லாவோஸ் காடுகளில் வளரும் ஸ்டைராக்ஸ் மரப்பட்டையைக் கீறிவிட்டால், காயத்தை மூட மரம் பால் வடிக்கும். அது இறுகியதும் சுரண்டி எடுக்கிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன துறைமுகம். 1088ஆம் ஆண்டிலேயே ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிசினை மூடிய பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வைத்தால், ஆவி மேலே போய் வெள்ளை வெள்ளையாக ஊசிபோலப் படியும். அதுதான் பென்சாயிக் அமிலம். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இப்படிப் பிரித்தெடுத்ததை எழுதி வைத்தவர்களில் ஆரூடம் சொல்லிப் பேர் வாங்கிய நாஸ்ட்ரடாமஸும் ஒருவர். 1832இல் லீபிக், வோலர் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். பூஞ்சையை அது அடக்கும் என்பது 1875இல் தெரியவந்தது. அதன்பிறகே சாப்பாட்டுக் கம்பெனிகளின் கண் இதன்மேல் விழுந்தது.

இந்த அமிலம் புளிப்பில்தான் வேலை செய்யும். ஸ்குவாஷ், ஜாம், சாஸ், ஊறுகாய் போன்றவற்றில் இதன் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாமல் முழுசாக இருப்பதால், ஈஸ்ட்டின் மேலுறையைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே புளிப்பு குறைவு. அங்கே அது உடைந்து அமிலத்தை விடும். அந்த அமிலத்தை வெளியே தள்ளித் தள்ளியே ஈஸ்ட் ஓய்ந்துபோகும், பெருக முடியாது. பாலில் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

அப்படியானால் நம் உடம்புக்குள்? 1842இல் வில்ஹெல்ம் கெல்லர் என்பவர் தானே இதை விழுங்கிப் பார்த்தார். கல்லீரல் இதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பிறவியிலேயே ரத்தத்தில் அம்மோனியா ஏறும் குழந்தைகளுக்கு இதன் உப்பான சோடியம் பென்சோயேட்டை மருந்தாகக் கொடுப்பதும் இந்த வழியை நம்பித்தான். கிளைசினில் உள்ள நைட்ரஜனையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறதல்லவா!

ஆனாலும் இதைச் சாப்பாட்டில் சேர்க்கலாமா என்ற சண்டை வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் ஹார்வி வைலி, 1902 முதல் இளம் ஊழியர்களை உட்காரவைத்துப் பதப்படுத்திகளைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘விஷப் படை’. பென்சோயேட்டே கூடாது என்றார் வைலி. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேறொரு நிபுணர் குழுவைப் போட்டார். சிறிய அளவு கெடுதல் இல்லை என்று 1909இல் அந்தக் குழு சொல்லிவிட்டது. அங்கே இன்றும் 0.1 சதவீதம்வரை அனுமதி உண்டு. இதற்கிடையே ஹெய்ன்ஸ் கம்பெனி நன்றாகப் பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை போட்டு, பென்சோயேட் இல்லாமலே கெட்சப் செய்து காட்டியது. சண்டையில் உருப்படியாக நடந்தது அதுதான் என்பேன்.

நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு. வைட்டமின் சி கலந்த பானத்தில் பென்சோயேட்டும் இருந்தால், வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். லேபிளில் சோடியம் பென்சோயேட்டைக் குறிக்கும் 211 என்ற எண்ணைப் பார்த்து அலற வேண்டாம். வெயிலில் காய்கிற பெட்டிக்கடை பாட்டிலை வாங்காமல் இருந்தால் போதும்.

இதே அமிலம் மருந்தாக இருப்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவரின் பெயரால் ஒரு களிம்பு இருக்கிறது. பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். பின்னது தடித்த தோலை உரிக்கும், முன்னது பூஞ்சையை அடக்கும். நூறு வயது தாண்டிய இந்தக் களிம்பு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒரு காலத்தில் இருந்தது. விலை சொற்பம். பிசுபிசுப்பு, எரிச்சல், வாரக்கணக்கில் தடவ வேண்டிய பொறுமை ஆகியவை இதன் குறைகள். முகத்திலும் புண்ணிலும் தடவக் கூடாது.

அந்தப் பொறுமை இல்லாமல்தான் பூஞ்சையால் படர்தாமரை வந்ததும் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கித் தேய்க்கிறோம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது. தோல் மெலியும், வட்டம் பரவும், பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் இன்று மல்லுக்கட்டுவது இந்தப் படர்தாமரையோடுதான். அடுத்த முறை வட்டமாய் அரித்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் க்ரீம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அந்த டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.