தீவிர சிகிச்சைக்குப் பின் எஞ்சும் தசைத்தளர்ச்சி: மார்கரெட் ஹெரிட்ஜின் ஆய்வுகளை முன்வைத்து

முன்னுரை

நோயாளி உயிர்பிழைத்து வெளியேறினாரா என்பதே தீவிர சிகிச்சைப் பிரிவின் வெற்றியை அளக்கும் அளவுகோலாக நெடுங்காலம் இருந்துவந்தது. வெளியேறியவர் பின்னர் நடந்தாரா, படியேறினாரா, வேலைக்குத் திரும்பினாரா என்னும் வினாக்கள் காலந்தாழ்த்தே எழுந்தன. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து இவற்றிற்கு விடை தேடியவர்களுள் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக மருத்துவர் மார்கரெட் ஹெரிட்ஜ் குறிப்பிடத்தக்கவர். அவர் குழுவின் ஆய்வுகள் 2003, 2011 ஆகிய ஆண்டுகளில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின.

நுரையீரலும் கால்களும்

நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர்மம் நிறைந்து, ஆக்சிஜன் குருதியிற் கலவாமற்போகும் கடும் மூச்சுத்திணறல் நோய்க்கு ஆளாகிப் பிழைத்த 109 பேரை 2003ஆம் ஆண்டு ஆய்வு பின்தொடர்ந்தது. அவர்களின் இடைநிலை வயது 45; அதாவது உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினர். நோய் தாக்கிய உறுப்பு நுரையீரல் ஆதலால், ஊனமும் அங்கேயே எஞ்சும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. முடிவு வேறாக அமைந்தது. வாயுப் பரிமாற்றத் திறன் மட்டும் ஓராண்டு முழுதும் குறைந்தே இருந்தது. நுரையீரலின் கொள்ளளவோ ஆறு மாதத்திற்குள் ஏறத்தாழ இயல்புநிலை எய்தியது.

ஆனால் ஆறு நிமிடங்களில் அவர்கள் நடந்த தொலைவு மூன்றாம் மாதத்தில் 281 மீட்டர். ஓராண்டு முடிவில் 422 மீட்டர். வயதுக்கும் உடலமைப்புக்கும் உரிய அளவினும் இது குறைவு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறியபோதே அவர்கள் உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தனர். தம் இயலாமைக்குத் தசையிழப்பையும் தளர்ச்சியையும் சோர்வையுமே அவர்கள் காரணமாகக் கூறினர். ஓராண்டு கழித்தும் ஏறத்தாழப் பாதிப்பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர். ஐந்தாம் ஆண்டில் நடைத்தொலைவு 436 மீட்டர், அதாவது எதிர்பார்க்கத்தக்க அளவில் 76 விழுக்காடு. நான்கு ஆண்டுகள் கூடுதலாகக் கழிந்தும் 14 மீட்டரே கூடியது என்பது கருதத்தக்கது.

தசை கரையும் விதம்

'படுத்த படுக்கையாய்க் கிடந்ததால் உடம்பு தளர்ந்துவிட்டது' என்பது வழக்கு. அது பாதி உண்மையே. சார்லஸ் போல்டனும் குழுவினரும் 1984ஆம் ஆண்டிலேயே, கடுமையாக நோயுற்றோரின் புறநரம்புகள் சிதைவதை எடுத்துக்காட்டினர். தசையில் நிகழ்வதை ஸூடின் புத்துச்சேரியை முதன்மை ஆசிரியராகக் கொண்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. இங்கிலாந்தில் 63 நோயாளிகளின் முன்தொடைத் தசையை மீயொலிப் படத்தால் அளந்தபோது, பத்து நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவரிடம் ஏழாம் நாளில் இழப்பு 3 விழுக்காடு. பல உறுப்புகள் செயலிழந்தவரிடம் 15.7 விழுக்காடு. இருசாராரும் படுக்கையில்தான் கிடந்தனர். ஆகவே, அசைவின்மையோடு உடல் முழுதும் பரவும் அழற்சியும் தசையைக் கரைக்கிறது எனக் கொள்ளலாம். முதல் நாளில் தசைப் புரத ஆக்கம், உண்ணா நிலையிலுள்ள நலமான ஒருவரின் அளவிற்கு இறங்கியிருந்தது; பின்னர் அது ஏறியபோதும் சிதைவு ஆக்கத்தை விஞ்சியே நின்றது.

இத்தளர்ச்சியைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டுவதில்லை. கைகால்களின் பன்னிரண்டு தசைத்தொகுதிகளுக்குத் தலா ஐந்து மதிப்பெண் வைத்துக் கூட்டினால் மொத்தம் 60. அது 48க்குக் கீழ் இறங்கின் நோய் உறுதி. நோயாளி விழித்திருந்து சொன்னதைச் செய்ய வேண்டும் என்பதே இம்முறையின் இடர்.

எழுந்து நிற்றல்: எவ்வளவு, எப்போது?

வில்லியம் ஷ்வைக்கர்ட் குழுவினர் 2009இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 104 பேரைப் பற்றியது. நாள்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்து, ஓரிரு நாளிலேயே இயன்முறைப் பயிற்சி தொடங்கப்பட்டோருள் 59 விழுக்காட்டினர், மருத்துவமனையை நீங்கும்போது தம் வேலையைத் தாமே செய்யும் நிலையில் இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் அவ்வாறு இருந்தவர் 35 விழுக்காட்டினர். மனக்குழப்பம் நீடித்த நாள்களும் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

இம்முடிவு தந்த ஊக்கத்தை 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வொன்று தணித்தது. ஆஸ்திரேலியாவின் கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் 750 நோயாளிகளிடம் நடந்த அதில், ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 நிமிடமும் மற்றதற்கு 9 நிமிடமும் அசைவுப் பயிற்சி அளிக்கப்பட்டது. 180 நாளில் உயிருடன் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாள்கள் முறையே 143, 145. இதயத்துடிப்பு, குருதியழுத்தக் கோளாறு போன்ற இடர்களோ கூடுதற்பயிற்சி பெற்றோரிடம் 9.2 விழுக்காடு, மற்றவரிடம் 4.1 விழுக்காடு.

இதைக் கொண்டு பயிற்சி பயனற்றது என முடிவுகட்டுவது பிழை. ஒப்பீட்டுக் குழுவினரும் வாளாகிடந்தவரல்லர். அவர்களும் எழுப்பி அமர்த்தப்பட்டனர். அவ்வாய்வு சோதித்தது பயிற்சியின் தேவையையன்று, அதன் அளவையே.

எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு பொருந்துமா என்பதற்கு ஹெரிட்ஜ் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு துணைசெய்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ செயற்கைச் சுவாசத்தில் இருந்த 391 பேரை அது வயது, தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கிய காலம் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு நான்கு பிரிவாக்கியது. 42 வயதுக்குட்பட்டு இரண்டு வாரத்திற்குள் அப்பிரிவிலிருந்து வெளியேறியவர் ஒரு முனையில். 66 வயதைக் கடந்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ தங்கியவர் மறுமுனையில். சேர்க்கையின்போது இருந்த நோய் எதுவாயினும், ஓராண்டின் இயலாமை இவ்வரிசையையே ஒட்டி அமைந்தது.